பெண்கள் ஆஸ்திரேலியக் கால்பந்தின் சாதனைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

கேள்வி: கீழக்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கீழக்கரையில் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் விளையாட்டு அறைக்கு வெளியே உள்ள அறிவிப்புப் பலகையில், பெண்கள் ஆடும் தொழில்முறைப் போட்டிகளைப் பற்றி மாதம் ஒன்றாக எழுதி ஒட்டி வருகிறோம். கபடியும் கிரிக்கெட்டும் முடிந்துவிட்டன. எங்களிடம் படித்து இப்போது அடிலெய்டில் மேற்படிப்பு படிக்கும் மாணவி ஒருத்தி, அங்கே நடக்கும் ஏ.எஃப்.எல்.டபிள்யூ. என்னும் பெண்கள் ஆஸ்திரேலியக் கால்பந்துத் தொடரின் சாதனைகளைத் தொகுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள்.

அதைப் பலகையில் அப்படியே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது சில இடங்கள் பிடிபடவில்லை. ஒரு ஆண்டில் 14 கோல் அடித்தவர் முதலிடத்தில் இருக்கிறார், இன்னொரு ஆண்டில் 22 கோல் அடித்தவர் முதலிடத்தில் இருக்கிறார். இரண்டாவது ஆட்டக்காரர் அத்தனை மடங்கு திறமைசாலி என்று பொருள் கொள்ளலாமா? 2022 என்ற ஒரே ஆண்டுக்கு நேராக இரண்டு வெற்றியாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. 2020-க்கு நேராக ஒருவர் பெயரும் இல்லை. இறுதிப் போட்டியின் முடிவுகளில் 19-க்கு 15 என்பது போன்ற சிறிய எண்களும் உள்ளன, 63-க்கு 18 என்பது போன்ற பெரிய வித்தியாசங்களும் உள்ளன.

மாணவிகள் ஒன்றுக்குப் பத்துக் கேள்வி கேட்பவர்கள். எந்தச் சாதனையைப் பலகையில் முதலில் வைப்பது, எதை எப்படி விளக்குவது என்று இந்த விளையாட்டைப் பார்த்தவர்களும் புள்ளிவிவரம் அறிந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: தொண்டியிலிருந்து மெல்பர்ன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தொண்டி எனக்குச் சொந்த ஊர். வேலைக்காக மெல்பர்னில் வசிப்பதால் இந்த ஆட்டங்களை மைதானத்திலேயே பார்க்கும் வாய்ப்பு அவ்வப்போது கிடைக்கிறது.

முதலில் புள்ளிகளின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், அதற்கு 6 புள்ளிகள். அவற்றின் வெளிப்பக்கத்தில் உள்ள குட்டைக் கம்பத்துக்கும் உயரமான கம்பத்துக்கும் நடுவே போனால் பிஹைண்ட், அதற்கு 1 புள்ளி. ஆகவே, 4.11 என்று எழுதியிருந்தால் அதைத் தசமம் என்று படிக்கக் கூடாது. 4 கோல், 11 பிஹைண்ட், மொத்தம் 35 புள்ளிகள் என்று படிக்க வேண்டும். ஆண்கள் ஆட்டத்தில் அணிக்கு 18 பேர் களத்தில் இருப்பார்கள், பெண்கள் ஆட்டத்தில் 16 பேர். பெண்களின் பந்து சற்றுச் சிறியது, ஆட்ட நேரமும் குறைவு. எனவே ஆண்களின் எண்களை இவற்றின் பக்கத்தில் வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆண்கள் ஆட்டத்தில் டோனி லாக்கெட் தம் ஆட்ட வாழ்வில் அடித்த 1,360 கோல்களை இதே பலகையில் எழுதினால், படிக்கும் பிள்ளைகளுக்குத் தவறான எண்ணந்தான் உண்டாகும்.

பலகையின் தொடக்கத்தில் 2017 பிப்ரவரி 3-ஆம் தேதியை வைக்கலாம். அன்றுதான் இந்தத் தொடரின் முதல் ஆட்டம் மெல்பர்னின் பிரின்சஸ் பார்க் மைதானத்தில் கார்ல்டன், கோலிங்வுட் அணிகளுக்கிடையே நடந்தது. சிறிய மைதானம் போதாது என்று முன்பே கணித்து ஆட்டத்தை அங்கே மாற்றியிருந்தார்கள். மாற்றிய இடமும் போதவில்லை. 24,568 பேர் உள்ளே வந்ததும் கதவுகளை அடைத்துவிட, வெளியே நின்றவர்களிடம் லீக்கின் தலைமை நிர்வாகி கில்லன் மெக்லாக்லனே வந்து வருத்தம் தெரிவித்தார். பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்க வருவார்கள் என்று நம் ஊரில் மட்டுமன்றி அங்கேயும் பல காலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த ஆட்டத்தில் தொடரின் முதல் கோலை அடித்தவர் கோலிங்வுட் அணியின் ஜாஸ்மின் கார்னர். ஆனால் ஆட்டம் 46-க்கு 11 என்று கார்ல்டனுக்குப் போயிற்று, டார்சி வெஸ்கியோ மட்டும் 4 கோல் அடித்தார். பின்னர் நார்த் மெல்பர்னுக்கு மாறிய கார்னர், அந்த அணி 2024-இல் கோப்பை வென்றபோது அதில் ஆடிக்கொண்டிருந்தார்.

2020-க்கு நேராகப் பெயர் இல்லாததன் காரணம் கொரோனா. ஆறு சுற்றுகளும் பின்சுற்றின் (கோப்பைக்காக முன்னணி அணிகள் மோதும் கடைசிக் கட்டம்) ஒரு வாரமும் முடிந்த நிலையில் தொடரை நிறுத்தினார்கள், கோப்பை யாருக்கும் வழங்கப்படவில்லை. அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் இருந்த ஃப்ரீமாண்டில் அணிக்கு அது பெரிய இழப்பு.

பதில்: பாம்பன் படகுக் கணக்கர்

மேலே அண்ணன் ஆட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் எண்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். விசைப்படகு உரிமையாளர்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கப்பட்டதுதான். எங்கள் பக்கத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே கடலுக்குப் போகும், ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் தடைக்காலம். எத்தனை நாள் கடலுக்குப் போனது என்று தெரியாமல் ஒரு படகின் ஆண்டு மீன்பாட்டை இன்னொரு படகின் மீன்பாட்டோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். ஏ.எஃப்.எல்.டபிள்யூ. சாதனைகளிலும் இதுதான் சிக்கல். அங்கே ஒவ்வொரு பருவத்தின் நீளமும் வேறு வேறு.

2017, 2018, 2019 ஆகிய மூன்று பருவங்களிலும் ஒவ்வோர் அணியும் பின்சுற்றுக்கு முன் ஆடியது ஏழு ஆட்டங்கள்தான். 2020-இல் ஆறு. 2021-இல் ஒன்பது. 2022-இல் நடந்த இரண்டு பருவங்களிலும் 2023-இலும் பத்துப் பத்து. 2024-இல் பதினொன்று, 2025-இல் பன்னிரண்டு. முதல் ஆண்டில் எட்டாக இருந்த அணிகள் 2019-இல் பத்தாகவும், 2020-இல் பதினான்காகவும், 2022-இன் இரண்டாம் பருவத்தில் பதினெட்டாகவும் ஆயின. அணிகள் பெருகும்போது தேர்ந்த ஆட்டக்காரர்கள் பல அணிகளுக்கும் பிரிந்து போவார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது கோல் கணக்குக்கு வருவோம். 2017-இல் வெஸ்கியோ அடித்தது 14 கோல், ஏழு ஆட்டங்களில். சராசரி சரியாக இரண்டு. அவரே 2021-இல் 16 கோல் அடித்து மறுபடியும் முதலிடம் பெற்றார். ஆனால் அது ஒன்பது ஆட்டங்களில் வந்தது என்பதால் சராசரி இரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. 2022-இன் முதல் பருவத்தில் அடிலெய்டின் ஆஷ்லி வுட்லண்ட் 19 கோல் அடித்தார். எண் பெரியதுதான், ஆனால் பத்துச் சுற்றுகளுக்கு வகுத்தால் 1.9. அதே ஆண்டின் இரண்டாம் பருவத்தில் பிரிஸ்பேனின் ஜெஸ்ஸி வார்ட்லா அடித்த 22 கோல்களுக்கு வந்தால்தான், மொத்தத்திலும் சராசரியிலும் 2017-இன் எண்ணைத் தாண்டுகிறோம். ஆகவே 14, 16, 19, 22 என்று ஏறிக்கொண்டே போகும் வரிசையைப் பார்த்து ஆண்டுக்கு ஆண்டு முன்னேற்றம் என்று எழுதிவிடாதீர்கள். நடுவில் இரண்டு படிகள் பருவத்தின் நீளத்தால் ஏறியவை. டீச்சர் கேட்ட 14-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசம், ஆட்டத்துக்குக் கால் கோல் கூட இல்லை.

2018-இன் எண் இன்னொரு வகையில் சுவையானது. அவ்வாண்டு முதலிடம் பெற்ற வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அணியின் புரூக் லாக்லண்ட் அடித்தது 12 கோல், அதில் ஏழு கோல்களைக் கார்ல்டனுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் அடித்தார். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது பட்டியலில் மெலிந்த ஆண்டாகத் தெரியும். ஒரே ஆட்டத்தில் அடித்த கோல் என்று பார்த்தால் 2017-இலும் 2018-இலும் அதற்கு ஈடே கிடையாது.

நூறு ஆட்டம் என்ற மைல்கல்லையும் இதே வழியில் பாருங்கள். 2017 முதல் 2025 வரை நடந்த பத்துப் பருவங்களின் வழக்கமான ஆட்டங்களைக் கூட்டினால் 89 தான் வருகிறது. தொடக்கம் முதல் காயமின்றி, தடையின்றி, ஓர் ஆட்டமும் விடாமல் ஆடியவருக்கே 89. நூறைத் தொட வேண்டுமென்றால் அவருடைய அணி அடுத்தடுத்துப் பின்சுற்றுக்குப் போயிருக்க வேண்டும். ஆகவே அந்த எண்ணில் ஆட்டக்காரரின் உழைப்போடு அணியின் வலிமையும் சேர்ந்தே இருக்கிறது. பலவீனமான அணியில் பத்துப் பருவமும் நின்று ஆடிய ஒருவர் எண்பதைத் தாண்டியிருந்தால், அவரையும் அதே பலகையில் எழுதலாம் என்பேன்.

பதில்: ஓய்வு பெற்ற பயிற்றுநர், தேவிபட்டினம்

தம்பியின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் பள்ளிப் பலகை கணக்குப் பேரேடு அன்று. எல்லாவற்றையும் வகுத்துப் பார்த்து எழுதினால் பிள்ளைகள் இரண்டு வரி படித்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள். பல ஆண்டுகள் மாணவிகளுக்குப் பயிற்சி அளித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு சாதனையோடு ஒரு மனிதரும் சேர்ந்து வந்தால்தான் அவர்கள் மனத்தில் தங்கும்.

என்னைக் கேட்டால் எரின் பிலிப்ஸைத்தான் முதலில் வைப்பேன். அவருடைய தந்தை கிரெக் பிலிப்ஸ் போர்ட் அடிலெய்ட் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். மகளும் சிறு வயதில் பையன்களோடு சேர்ந்து இதே ஆட்டத்தை ஆடினார். பதின்ம வயது வந்ததும் பெண்களுக்கு மேலே போக வழியில்லை என்பதால் கூடைப்பந்துக்கு மாறினார். அங்கேயும் சோடை போகவில்லை. அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. தொடரில் 2012-இலும் 2014-இலும் கோப்பை வென்ற அணிகளில் இருந்தார். ஏ.எஃப்.எல்.டபிள்யூ. தொடங்கிய 2017-இல் அவருக்கு வயது முப்பத்தொன்று. பலர் ஓய்வை எண்ணும் அந்த வயதில் திரும்பி வந்து, முதல் பருவத்திலேயே தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் அடிலெய்டுக்குக் கோப்பையையும் பெற்றார். 2019-இல் அதே இரண்டையும் மறுபடி பெற்றார். இரண்டு இறுதிப் போட்டிகளிலும் ஆட்ட நாயகி அவர்தான். 2019 இறுதிப் போட்டியின் மூன்றாம் கால் பகுதியில் முழங்கால் தசைநார் அறுந்து அவரைத் தூக்கிச் சென்றபோது, 53,034 பேர் இருந்த அடிலெய்ட் ஓவல் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. பாதியில் வெளியேறிய பின்னும் ஆட்ட நாயகி விருது அவருக்கே போனது என்பதை எந்தச் சராசரியில் அடக்குவீர்கள்?

பார்வையாளர் எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. அந்த 53,034 அப்போது ஆஸ்திரேலியாவில் தனித்து நடந்த பெண்கள் விளையாட்டுப் போட்டி எதற்கும் வராத கூட்டம். ஓராண்டுக்குள், 2020 மார்ச் 8 அன்று, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த பெண்கள் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு 86,174 பேர் வந்து அதைக் கடந்தார்கள். அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடியது நம் இந்திய அணி என்பதால் மாணவிகளுக்கு உடனே பிடிபடும்.

கீழக்கரை ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. பயிற்றுநர் ஐயா சொல்வதுபோல் ஆளும் வேண்டும், பாம்பன் தம்பி சொல்வதுபோல் ஆட்ட எண்ணிக்கையும் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு கோல் சாதனைக்கும் பக்கத்தில் "இத்தனை ஆட்டங்களில்" என்று சிவப்பு மையில் எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். எங்கள் மாணவிகளில் பெரும்பாலோர் கபடி ஆடுபவர்கள். கோல் அடிக்காதவர்களுக்கும் இந்த ஆட்டத்தில் சாதனை உண்டா? இறுதிப் போட்டிகளில் 19-க்கு 15 என்பதைப் பார்த்து, "இது மோசமான ஆட்டமா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: தொண்டியிலிருந்து மெல்பர்ன்

கபடி ஆடும் மாணவிகள் என்றால் அடிலெய்டின் எபனி மரினோஃப் பெயரைக் கட்டாயம் சேருங்கள். பந்தை வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவதை டாக்கிள் என்று இந்த ஆட்டத்தில் எண்ணுவார்கள். 2018-இல் ஒரே ஆட்டத்தில் அவர் போட்ட டாக்கிள்கள் 21. முதல் பருவத்திலேயே சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான விருதைப் பெற்ற அவர், 2024-இல் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வேறு விளையாட்டிலிருந்து வந்தவர்கள் எரின் பிலிப்ஸ் மட்டுமல்லர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் கேலிக் கால்பந்து ஆடிப் பெயர் பெற்ற கோரா ஸ்டான்டன், 2018-இல் ஜி.டபிள்யூ.எஸ். (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) அணியில் சேர்ந்து, நாற்பது வயதைத் தாண்டியும் ஆடினார். அவருக்குப் பின் ஐரிஷ் பெண்கள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். எண்ணால் அளக்க முடியாத மைல்கல் என்று இதைத்தான் சொல்வேன்.

19-க்கு 15 மோசமான ஆட்டமன்று. 2022 நவம்பரில் நடந்த அந்த இறுதிப் போட்டியில் மெல்பர்னும் பிரிஸ்பேனும் ஆளுக்கு இரண்டே கோல் அடித்தன. மெல்பர்னுக்கு ஏழு பிஹைண்ட், பிரிஸ்பேனுக்கு மூன்று. நான்கு பிஹைண்ட் வித்தியாசத்தில் மெல்பர்ன் முதல் கோப்பையை வென்றது. தலைவி டெய்சி பியர்ஸ் அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெற்று, பின்னர் வெஸ்ட் கோஸ்ட் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார்.

பதில்: பாம்பன் படகுக் கணக்கர்

அண்ணன் சொன்ன ஆட்டத்தோடு 2017 இறுதிப் போட்டியையும் சேர்த்து எழுதுங்கள் டீச்சர். அடிலெய்ட் 4.11, பிரிஸ்பேன் 4.5. இங்கேயும் கோல் சமம், பிஹைண்ட் எண்ணிக்கையில்தான் 35-க்கு 29 என்று முடிந்தது. நடுவே 2018-இலும் வெஸ்டர்ன் புல்டாக்ஸிடம் 27-க்கு 21 என்று அதே ஆறு புள்ளியில் பிரிஸ்பேன் தோற்றது. ஆறு, ஆறு, நான்கு என்று மூன்று இறுதிப் போட்டிகளை ஒரு கோலுக்கு மேற்படாத வித்தியாசத்தில் இழந்த அணி அது. இருந்தும் 2021-இலும் 2023-இலும் கோப்பையை வென்றது. 2025 வரை நடந்த ஒன்பது இறுதிப் போட்டிகளில் ஏழில் பிரிஸ்பேன் ஆடியிருக்கிறது. அடிலெய்டுக்கு மூன்று கோப்பை, பிரிஸ்பேனுக்கு இரண்டு என்று மட்டும் எழுதினால் இந்த ஏழு காணாமல் போய்விடும். என்னுடைய பார்வையில் தொடரின் ஆகப் பெரிய அணிச் சாதனை இதுதான். பயிற்சியாளர் கிரெய்க் ஸ்டார்செவிச் தொடக்கத்திலிருந்து அங்கேயே இருப்பதும் ஒரு காரணம்.

அடுத்தடுத்து இரண்டு கோப்பை வென்ற அணி 2024 வரை ஒன்றும் இல்லை. நார்த் மெல்பர்ன் 2024-இலும் 2025-இலும் வென்று அந்தக் குறையைத் தீர்த்தது. 2024-இல் ஜீலாங் அணியோடு ஓர் ஆட்டம் சமனானதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வென்று, தோல்வியே இல்லாமல் கோப்பையை எடுத்தார்கள்.

பதில்: ஓய்வு பெற்ற பயிற்றுநர், தேவிபட்டினம்

பிரிஸ்பேன் பற்றிய தம்பியின் கருத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இடம் மிஞ்சினால் செல்சி ரேண்டலைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். 2021-இல் அடிலெய்டின் தலைவியான அவருக்கு இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் தலையில் அடிபட்டது. தலையில் அடிபட்டவர் பன்னிரண்டு நாள் ஆடக் கூடாது என்ற விதியால் இறுதிப் போட்டியில் அவர் ஆடவில்லை. அவருடைய அணி 38-க்கு 20 என்று பிரிஸ்பேனிடம் தோற்றது. அடுத்த ஆண்டு அவரே தலைமையேற்றுக் கோப்பையை வென்றார். "எனக்கு ஒன்றுமில்லை சார், இறக்கிவிடுங்கள்" என்று களத்தின் ஓரத்தில் நின்று கெஞ்சிய மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

பதில்: பாம்பன் படகுக் கணக்கர்

பலகை எழுதும்போது ஒரே ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள் டீச்சர். 2022-ஐ ஆண்டாக மட்டும் எழுதினால் குழப்பம் வரும். ஜனவரியில் தொடங்கிய பருவத்தில் அடிலெய்ட் ஏப்ரலில் கோப்பை வென்றது, ஆகஸ்டில் தொடங்கிய பருவத்தில் மெல்பர்ன் நவம்பரில் வென்றது. வுட்லண்டின் 19 கோல் முதற்பருவத்துக்கு, வார்ட்லாவின் 22 இரண்டாம் பருவத்துக்கு. மாதத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் ஒரே ஆண்டுக்கு ஏன் இரண்டு பெயர் என்ற கேள்வி எழாது.